கல்லீரல் புற்றுநோயும் புற்றடக்கி மரபணுக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரலில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன வீட்டில் இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். நம் பரம்பரையில் யாருக்குமே இல்லையே, இவருக்கு எப்படி வந்தது? அப்புறம், பிள்ளைகளுக்கும் வருமா? இரண்டுக்கும் விடை தேடிப் போனால் புற்றடக்கி மரபணுக்களிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. தமிழில் இதைப் பற்றிக் கிடைப்பதோ பெரும்பாலும் பாடப்புத்தக வரையறை, இல்லாவிட்டால் பயமுறுத்தல். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இங்கே கல்லீரல் புற்றுநோய் என்று சொல்வதெல்லாம் ஈரல் செல்லிலேயே தொடங்கும் ஹெபட்டோசெல்லுலர் கார்சினோமாவைத்தான். குடலிலோ மார்பிலோ தொடங்கி ஈரலுக்குப் பரவிய புற்றின் கதை வேறு.

புற்றடக்கி மரபணு என்றால் என்ன?

ஒரு செல் எப்போது இரண்டாகப் பிளக்கலாம், எப்போது பொறுத்திருக்க வேண்டும், எப்போது தன்னைத்தானே அழித்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்யும் புரதங்கள் உண்டு. அந்தப் புரதங்களைத் தயாரிக்கும் மரபணுக்கள்தான் இவை. இவை ஒழுங்காக வேலை செய்கிற வரை, தாறுமாறாகப் பெருகப் பார்க்கும் செல் எங்காவது ஓரிடத்தில் மாட்டிக்கொள்ளும். எதிர்ப்பக்கத்தில் செல்லைப் பெருகத் தூண்டும் மரபணுக்கள் இருக்கின்றன. அவை கட்டுமீறிப் போனால் ஆங்கோஜீன் என்பார்கள். வழக்கமாக இதை வண்டியின் பிரேக், ஆக்சிலரேட்டர் என்று சொல்லி விளக்குவார்கள். என்னைக் கேட்டால் பிரேக் என்பது பாதிதான் சரி. இந்த மரபணுக்களில் சில, செல்லை நிறுத்துவதோடு விடுவதில்லை, டி.என்.ஏ.வில் உள்ள பழுதைச் சரிசெய்ய ஏற்பாடு செய்கின்றன, சரியாகாது என்று தெரிந்தால் அந்தச் செல்லையே சாகடிக்கின்றன.

ஒரு மரபணு கெட்டாலே புற்றுநோய் வந்துவிடுமா?

வராது. ஒவ்வொரு மரபணுவிலும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று நமக்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று போனாலும் மற்றது பார்த்துக்கொள்ளும். 1971-ல் ஆல்ஃபிரட் நட்சன் என்ற அமெரிக்க மருத்துவர், குழந்தைகளின் விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றை எடுத்துக்கொண்டு, பரம்பரையாக வருகிற குழந்தைகளுக்கு ஏன் சீக்கிரமே, பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வருகிறது, மற்றவர்களுக்கு ஏன் தாமதமாக ஒரு கண்ணில் மட்டும் வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்து, புற்று வர இரண்டு அடி விழ வேண்டும் என்றார். பரம்பரைக் குழந்தைக்கு முதல் அடி பிறக்கும்போதே விழுந்திருக்கிறது. 1986-ல் அந்த ஆர்பி1 மரபணுவைப் பிரித்தெடுத்தபோது அவர் சொன்னது சரி என்று ஆனது. அதே ஆர்பி1 ஈரல் புற்றிலும் சிலரிடம் கெட்டுப்போயிருக்கிறது.

ஈரலுக்கென்று ஒரு விசேஷம் உண்டு. மற்ற உறுப்புகளின் செல்கள் பெரும்பாலானவற்றில் குரோமோசோம்கள் இரண்டு செட்தான் இருக்கும். ஈரல் செல்கள் பலவற்றில் நான்கு செட், எட்டு செட் என்றுகூட இருக்கும். 2018-ல் அமெரிக்காவின் டாலஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் காட்டியது இதுதான்: இப்படிக் கூடுதல் செட் உள்ள ஈரலில் புற்று வருவது கடினம், ஏனென்றால் புற்றடக்கி மரபணு ஒன்றை முழுவதுமாக இழக்க இரண்டு அடி போதாது. ஆண்டுக்கணக்கில் விஷத்தையும் சாராயத்தையும் வடிகட்டுகிற உறுப்புக்கு இயற்கையே கொடுத்திருக்கிற காப்பு இது. இவ்வளவு காப்பையும் மீறித்தான் புற்று வருகிறது என்றால் ஈரல் எத்தனை வருடம் அடிவாங்கியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் இருபது, முப்பது வருடக் கதை.

ஈரல் புற்றில் கெட்டுப்போகிற மரபணுக்கள் எவை?

2017-ல் டி.சி.ஜி.ஏ. என்ற பெரிய அமெரிக்க ஆய்வுத் திட்டம் 363 ஈரல் கட்டிகளின் மரபணுக்களைப் படித்துப் பார்த்து முடிவுகளை வெளியிட்டது. புற்றடக்கிகளில் முதலிடம் டிபி53-க்கு, ஏறக்குறைய 31 சதவீதக் கட்டிகளில் அது கெட்டிருந்தது. அடுத்து ஆக்சின்1, ஏரிட்1ஏ போன்றவை, இவை ஒவ்வொன்றும் பத்து சதவீதத்துக்குள். சிடிகேஎன்2ஏ என்ற மரபணுவின் கதை வேறு மாதிரி: பாதிக் கட்டிகளில் அது வாயடைக்கப்பட்டிருந்தது, ஆனால் எழுத்துப் பிழையால் அல்ல. மரபணு எழுத்து அப்படியே இருக்க, அதன் மேல் மெத்தில் என்ற வேதிப்பொருள் ஒட்டிக்கொண்டு படிக்க முடியாமல் செய்துவிடுகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மரபணு கெடுவது என்றாலே டி.என்.ஏ. உடைவது என்று பலர் நினைக்கிறார்கள்.

ஈரல் புற்றில் அடிக்கடி பேசப்படும் டெர்ட், பீட்டா கேட்டனின் இரண்டும் புற்றடக்கிகள் அல்ல, எதிர்ப்பக்கத்து ஆட்கள். ஆனால் தொடர்பு உண்டு. ஆக்சின்1-இன் வேலையே பீட்டா கேட்டனினைப் பிடித்து அழிக்க உதவுவதுதான்.

பி53 பி53 என்கிறார்களே, அது அப்படி என்ன செய்கிறது?

டிபி53 மரபணு தயாரிக்கும் புரதம்தான் பி53. 1979-ல் கண்டுபிடித்தபோது புற்றைத் தூண்டும் புரதம் என்றே நினைத்தார்கள். அவர்கள் சோதனைக்கூடத்தில் வைத்திருந்தது கெட்டுப்போன பி53 என்பது பத்து வருடம் கழித்து, 1989 வாக்கில்தான் தெளிவானது.

நல்ல நிலையில் இருக்கும் செல்லில் இது அதிகம் இருக்காது. எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் இதைத் தயாராகத் தயாராக அழித்துக்கொண்டே இருக்கும். டி.என்.ஏ.வில் அடிபட்டால் அந்த அழிப்பு நிற்கும், பி53 சேரும், மற்ற மரபணுக்களை முடுக்கும். அவற்றில் பி21 செல் பிளவை நிறுத்தும், வேறு சில பழுதுபார்க்கும், வேறு சில தற்கொலைக்குத் தயார் செய்யும். நான்கு பி53 மூலக்கூறுகள் ஒன்றாகச் சேர்ந்துதான் இந்த வேலையைச் செய்யும் என்பது முக்கியம். ஒரு பிரதி கெட்டு, கோணலான புரதம் தயாரானால் அது நல்லதோடும் கலந்து அந்த நான்கு பேர் கூட்டத்தைக் கெடுத்துவிடுகிறது. அதனால் நட்சன் சொன்ன இரண்டு அடிக் கணக்கு பி53 விஷயத்தில் அவ்வளவு கறாராகச் செல்லாது.

பூஞ்சை பிடித்த கடலைக்கும் மரபணுவுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பக்கத்திலேயே நான் முக்கியமாக நினைக்கும் கேள்வி இதுதான். புற்றுநோய் ஆராய்ச்சியில், இந்தப் பொருள்தான் இந்த எழுத்தை மாற்றியது என்று விரல் நீட்டிச் சொல்ல முடிகிற சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. இது அப்படி ஒன்று.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை பிடித்திருந்தது, அது சுரந்த அஃப்ளாடாக்சின்தான் கொன்றது என்று தெரிந்தது. இந்தியாவிலும் 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோர மாவட்டங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். அதிக அளவில் ஒரேயடியாக உள்ளே போனால் இப்படி. கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் போனால்?

ஷாங்காய்க்கு வடக்கே, யாங்சி ஆறு கடலில் கலக்குமிடத்தில் சிதோங் என்ற ஊர் இருக்கிறது. ஈரல் புற்று மிக அதிகமாக இருந்த இடம். மக்காச்சோளம்தான் சாப்பாடு, காற்றில் ஈரப்பதம், சேமிப்பில் பூஞ்சை. 1991-ல் அங்கிருந்து 16 நோயாளிகளின் கட்டிகளை எடுத்து டிபி53-ஐப் படித்துப் பார்த்தார்கள். டி.என்.ஏ.வை ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் குறிப்பார்கள், மூன்று எழுத்து சேர்ந்த ஒரு குறியீடு புரதத்தின் ஒரு அமினோ அமிலத்தைத் தீர்மானிக்கும். 16-ல் 8 பேருக்கு, மிகச் சரியாக ஒரே இடத்தில், 249-ஆவது குறியீட்டின் மூன்றாவது எழுத்தில் மாற்றம், அவர்களில் 7 பேருக்கு ஒரே மாற்றம்: ஜி இருக்க வேண்டிய இடத்தில் டி. பி53 என்பது 393 அமினோ அமிலங்களின் சங்கிலி, அதில் எங்கு வேண்டுமானாலும் பிழை வந்திருக்கலாம். அதே வருடம் தென் ஆப்பிரிக்கப் பகுதி நோயாளிகளிடமும் அதே இடத்துப் பிழை கண்டுபிடிக்கப்பட்டது, அங்கேயும் அஃப்ளாடாக்சின் அதிகம். அஃப்ளாடாக்சின் தொல்லை இல்லாத நாடுகளின் ஈரல் கட்டிகளில் பி53 பிழைகள் இப்படி ஓரிடத்தில் குவிவதில்லை.

எப்படி நடக்கிறது என்றால், அஃப்ளாடாக்சின் பி1 உள்ளே போகும்போது டி.என்.ஏ.வைத் தொடாது. ஈரல்தான் விஷத்தை வெளியேற்றப் பார்க்கிறது. சைட்டோகுரோம் நொதிகள் அதை எப்பாக்சைடு என்ற வடிவத்துக்கு மாற்றுகின்றன. அந்த எப்பாக்சைடு கண நேரமே நிலைக்கும், ஆனால் அந்தக் கணத்துக்குள் டி.என்.ஏ.வில் இருக்கும் ஜி என்ற எழுத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். செல் அடுத்த முறை பிளக்கும்போது அந்த ஒட்டிய எழுத்தைத் தப்பாகப் படித்து டி என்று எழுதிவிடும். ஏ-ஜி-ஜி என்பது ஏ-ஜி-டி ஆகிறது. ஆர்ஜினின் வர வேண்டிய இடத்தில் செரின் வருகிறது. டி.என்.ஏ.வைப் பிடிக்கிற பகுதியில் விழுந்த அடி என்பதால் பி53-இன் பிடி தளர்ந்துபோகிறது.

பிறகு சிதோங்கில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1980-களில் சீனப் பொருளாதாரக் கொள்கை மாறி அங்குள்ளவர்கள் மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினார்கள். மக்களின் ரத்தத்தில் அஃப்ளாடாக்சின் அடையாளங்கள் மளமளவென்று குறைந்தன. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்குத் தடுப்பூசி போடாத தலைமுறையிலேயே ஈரல் புற்று மரணங்கள் பாதிக்கும் மேல் இறங்கின. யாரும் யாருடைய மரபணுவையும் தொடவில்லை. சாப்பாட்டுத் தானியம் மாறியது, அவ்வளவுதான்.

அப்படியானால் கடலை சாப்பிடவே கூடாதா?

தாராளமாகச் சாப்பிடலாம். நிலக்கடலை நல்ல உணவு. சுருங்கியது, கருத்தது, பச்சையோ மஞ்சளோ பூத்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள், ஒரு படியில் இருக்கும் அஃப்ளாடாக்சினில் பெரும்பங்கு அந்த நாலு சொத்தையில்தான் இருக்கும். வறுத்தால், வேகவைத்தால் போய்விடும் என்று நம்பாதீர்கள். சமையல் சூட்டில் கொஞ்சம் குறையுமே தவிர அழியாது. காயவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிடுங்கிய செடியை மழையில் போட்டுவைத்து, ஈரம் போகாமல் மூட்டை கட்டினால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

செக்கு எண்ணெய் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சுத்திகரிக்காத எண்ணெயில், கடலையில் இருந்த விஷத்தில் ஒரு பங்கு வந்துவிடும். கழிவுக் கடலையை ஆட்டுகிற இடத்தில் வாங்காமல், கண்ணெதிரே நல்ல கடலையைக் கொட்டி ஆட்டுகிற இடத்தில் வாங்குங்கள். மிச்சம் புண்ணாக்கில் போகும், அதைத் தின்கிற மாட்டின் பாலில் எம்1 என்ற வடிவத்தில் திரும்பி வரும். ஆகவே பூஞ்சை பிடித்ததை மாட்டுக்குப் போடலாம் என்று ஒதுக்கிவைப்பதும் வேண்டாம்.

ஹெபடைடிஸ் பி வைரஸ் என்ன செய்கிறது?

பல பக்கமிருந்து அடிக்கிறது. வருடக்கணக்கில் ஈரலில் அழற்சியை வைத்திருக்கிறது. செல் சாகிறது, புதுசு முளைக்கிறது, ஒவ்வொரு முளைப்பிலும் பிழைக்கு ஒரு வாய்ப்பு. வைரஸ் தன் டி.என்.ஏ.வை நம் டி.என்.ஏ.க்குள் செருகிக்கொள்கிறது, டெர்ட் மரபணுவுக்குப் பக்கத்தில் செருகியிருப்பதை அடிக்கடி பார்க்கிறார்கள். அப்புறம் எக்ஸ் புரதம் என்று அதனிடம் ஒன்று உண்டு, அது பி53-ஐ நேரடியாகப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாமல் செய்கிறது. அதாவது மரபணுவில் ஒரு எழுத்துகூட மாறாமலே பி53 முடங்கிவிடலாம். ஈரல் சுருக்கம் வராதவர்களுக்கும் ஹெபடைடிஸ் பி-யால் புற்று வருவதற்கு இதெல்லாம் காரணம்.

இந்த வைரஸும் அஃப்ளாடாக்சினும் சேர்ந்தால் கதை மிக மோசம். ஷாங்காயில் 18,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், அஃப்ளாடாக்சின் மட்டும் இருந்தவர்களுக்கு ஈரல் புற்று அபாயம் சுமார் 3 மடங்கு, வைரஸ் மட்டும் இருந்தவர்களுக்கு சுமார் 7 மடங்கு, இரண்டும் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய 60 மடங்கு.

தடுப்பூசி இதைத் தடுக்கிறது என்பதற்கு தைவான்தான் சாட்சி. 1984-ல் பிறந்த குழந்தைகளுக்குப் போடத் தொடங்கினார்கள். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஈரல் புற்று லட்சத்துக்கு 0.70 என்று இருந்தது 1990-களின் முற்பாதியில் 0.36 ஆகக் குறைந்தது. புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசி என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

குடிப்பழக்கமே இல்லை, ஃபேட்டி லிவர் மட்டும்தான். எனக்கும் வருமா?

பெரும்பாலானவர்களுக்கு வராது. ஆனால் கொழுப்பு, அழற்சி, தழும்பு, சுருக்கம் என்று போகிற பாதை சிலருக்கு உண்டு, சர்க்கரை நோயும் கூட இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பிடென் என்ற புற்றடக்கியை எலி ஈரலில் மட்டும் நீக்கியபோது முதலில் கொழுப்பு ஈரலும் பிறகு புற்றும் வந்தது. கொழுப்பைக் கையாளும் பாதையும் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பாதையும் ஒரே மரபணுவில் சந்திக்கின்றன என்பது அதில் தெரிகிறது.

புற்றடக்கி மரபணு கெட்டால் எப்போதுமே தீமைதானா?

ஏரிட்1ஏ விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. எலிகளில் பார்த்தால், புற்று தொடங்குகிற கட்டத்தில் இந்த மரபணு புற்றுக்கு உதவுகிறது, கட்டி வந்த பிறகு அதன் பரவலைத் தடுக்கிறது. அது மட்டுமில்லை, சிரோசிஸ் என்ற ஈரல் சுருக்கம் வந்த மனித ஈரலில், புற்றே இல்லாத இடங்களிலும் ஏரிட்1ஏ பிழையுள்ள செல்கள் கூட்டமாக வளர்ந்திருப்பதை 2019-ல் காட்டினார்கள். அடிபட்ட ஈரல் மறுபடி முளைக்க அந்தப் பிழை உதவுகிறதாம். பயாப்சியில் ஒரு மரபணுப் பிழை தெரிந்த உடனே அதைப் புற்றின் கையெழுத்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கெட்ட பி53-ஐத் திருப்பிச் சரிசெய்ய மருந்து இல்லையா?

2007-ல் ஒரு எலிச் சோதனை நடந்தது. ஈரல் கட்டி உள்ள எலிகளில், அணைத்து வைத்திருந்த பி53-ஐ மறுபடி இயக்கினார்கள். சில நாள் இயக்கினாலே போதுமாக இருந்தது. கட்டிச் செல்கள் முதுமையடைந்து பிளவை நிறுத்தின, நோயெதிர்ப்புச் செல்கள் வந்து அவற்றை அகற்றிவிட்டன. படிக்கும்போது நம்பிக்கை வருகிறது, எனக்கும் வந்தது. ஆனால் அது, இயக்கவும் அணைக்கவும் தோதாக முன்கூட்டியே வடிவமைத்த எலி. மனிதருக்குள் கோடிக்கணக்கான கட்டிச் செல்களில் ஒவ்வொன்றுக்கும் நல்ல பி53-ஐக் கொண்டு சேர்ப்பது எப்படி என்பதில்தான் எல்லோரும் நிற்கிறார்கள். அடினோவைரஸில் பி53-ஐ ஏற்றிச் செலுத்தும் ஜென்டிசின் என்ற மருந்துக்குச் சீனா 2003-ல் அனுமதி கொடுத்தது, அதுவும் தலை, கழுத்துப் புற்றுக்கு. மற்ற நாடுகள் பின்தொடரவில்லை.

அடிப்படைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. மிதமிஞ்சி வேலை செய்யும் புரதத்தை அடைக்க மருந்து தேடலாம், இல்லாமல் போன புரதத்தை எதை வைத்து அடைப்பது? ஈரல் புற்றுக்கு 2007-ல் வந்த சோராஃபெனிப் ஆகட்டும், 2020-ல் வந்த அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் ஜோடி ஆகட்டும், எதுவுமே பி53-ஐக் குறிவைப்பதில்லை. ரத்தநாளங்களையும் நோயெதிர்ப்பையும் வைத்து வேலை செய்கின்றன. ஆகவே மரபணுவைச் சரிசெய்யும் சிகிச்சை என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், எந்த மரபணு, எந்த நாட்டு அனுமதி என்று எழுத்தில் கேளுங்கள்.

கீழாநெல்லி?

கேலியாக ஒதுக்க வேண்டிய விஷயம் இல்லை இது. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கோடு சேர்ந்து 1988-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸ் அடையாளம் மறைந்தது, எடுக்காத 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. அதனால் இன்று வைரஸை அடக்கும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகளை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லியை நம்புவது ஆபத்து. புற்றடக்கி மரபணுவை அது சரிசெய்யும் என்பதற்கு மனிதரிடம் ஆதாரம் கிடையாது.

ரத்தப் பரிசோதனையில் பி53 பிழை தெரியுமா?

தெரிய வாய்ப்புண்டு. செத்த செல்லின் டி.என்.ஏ. துணுக்குகள் ரத்தத்தில் மிதக்கும். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் இப்படித் தேடியபோது, 53 ஈரல் புற்று நோயாளிகளில் 19 பேரின் ரத்தத்தில் அந்த 249-ஆம் குறியீட்டுப் பிழை கிடைத்தது. நோயில்லாத 53 பேரிலும் 3 பேருக்கு இருந்தது. ஆராய்ச்சிக்கு இது பொன். மருத்துவமனையில் முடிவெடுக்க இது போதாது. புற்றுள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இதில் பிடிபடாமல் போய்விடுகிறார்களே. இப்போதைக்குக் கண்காணிப்பு என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட், கூடவே ஏஎஃப்பி என்ற, ஈரல் புற்றில் கூடக்கூடிய புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை.

அப்பாவுக்கு ஈரல் புற்று. எங்களுக்கும் மரபணுவில் வந்திருக்குமா?

அப்பாவின் கட்டியில் இருக்கும் டிபி53 பிழை அவருடைய ஈரல் செல்லில், அவர் வாழ்நாளில் ஏற்பட்டது. விந்துச் செல்லில் அது இல்லை, பிள்ளைக்கு வராது. பிறக்கும்போதே டிபி53 பிழையோடு வரும் லி-ஃப்ராமெனி நோய் அரிது, அதிலும் முன்னால் நிற்பது மார்பு, எலும்பு, மூளை, அட்ரினல் புற்றுகள்தான். ஏபிசி மரபணுப் பிழை உள்ள குடும்பங்களில் சிறு குழந்தைகளுக்கு ஹெபட்டோபிளாஸ்டோமா வரலாம், அது வேறு வகை.

ஆனால் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு ஈரல் புற்று வருவது உண்மைதான். பல வீடுகளில் கடத்தப்பட்டிருப்பது மரபணு இல்லை, வைரஸ். ஹெபடைடிஸ் பி இருக்கும் தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றும், அப்படித் தொற்றிய குழந்தைகளில் 90 சதவீதம் பேருக்கு அது நாள்பட்ட தொற்றாகத் தங்கிவிடும். வயது வந்தபின் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவு. அண்ணன் தம்பிகள் நாலு பேரும் ஒரே தாயிடம் வாங்கியிருப்பார்கள், நாற்பது வயதுக்கு மேல் ஒவ்வொருவராக நோயில் விழும்போது ஊர் பரம்பரை வியாதி என்று சொல்லும்.

அதனால் விலையுயர்ந்த மரபணுப் பரிசோதனைக்கு ஓடுவதற்கு முன்னால், அப்பாவுக்கு எதனால் வந்தது என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் பாட்டி, அத்தை, சித்தப்பா உட்பட எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று காட்டும் ஹெச்பிஎஸ்ஏஜி பரிசோதனையும் ஹெபடைடிஸ் சி பரிசோதனையும் செய்துவிடுங்கள். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சி இருந்தால் மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலும் குணமாகிவிடும். பி இருந்தால் ஈரல் மருத்துவரிடம் காட்டி, ஆறு மாத அல்ட்ராசவுண்ட் எந்த வயதில் தொடங்குவது என்று கேளுங்கள், அப்பாவுக்கு வந்திருப்பதைச் சொன்னால் முன்கூட்டியே தொடங்கச் சொல்வார்கள். பி இல்லை, தடுப்பூசியும் போடவில்லை என்றால் மூன்று ஊசி: இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் ஒன்று. வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்து அவருக்கு பி இருந்தால், பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும்.